கிளட்ச் மிதிக்கத் தெரியாதவன்

க்ளெண்டா,

சூப் அடுப்பு மேல இருக்கு, சுடவெச்சுக்கோ. கராஜ் சாவி டிராயர்ல.

பத்து மணிக்கு மெக்கானிக் டுவைட் கியர்பாக்ஸ் பார்க்க வர்றான். நம்ம பழைய கார் ஆட்டோமேட்டிக்கா இருந்தவரைக்கும் அதுல உனக்கு ஊர் சுத்திக் காட்டினவன் நான். இப்ப நீ அதைக் கையால கியர் மாத்துற காரா ஆக்குற. நாலு கியரா அஞ்சான்னு ரெண்டு வாரமா அவன்கிட்ட மட்டும்தான் கேக்குற. நேத்து நான், "அஞ்சு இருந்தா நெடுஞ்சாலையில இரைச்சல் குறையுமே"ன்னேன். "உனக்குக் கிளட்சே மிதிக்கத் தெரியாதே"ன்னு சிரிச்ச. அவனும் சேர்ந்து சிரிச்சான் பாரு, அதுதான் வயித்தெரிச்சல்.

நாலோ அஞ்சோ, உன் இஷ்டம்.

ஆரின்

பி.கு.: என் தங்கச்சியோட பிக்கப் வண்டியில கிளட்ச் பழகிட்டிருக்கேன். போன சனிக்கிழமை ஏழு தடவை எஞ்சின் அணைஞ்சுபோச்சு. கார் தயாரானதும் முதல் ஓட்டத்துக்கு அவனை ஏத்திடாதே. பக்கத்து சீட்டுல நானே உக்காந்துக்கிறேன்.