மூன்று வரிசையும் ஒரு கறுப்புப் பட்டையும்

ஜூன் 9, ஞாயிறு

முதலில் மன்னிப்பு. இந்த நோட்டு வெப்பப் பரிமாற்றப் பாடத்துக்காக வாங்கியது. முன்பாதி முழுவதும் சமன்பாடுகள். மீதித் தாள்களில் வீட்டுக் கதை எழுதுவது அந்தப் பாடத்துக்கு மரியாதைக் குறைவுதான். ஆனால் என்ன செய்ய? பேசும்போது என் குரல் இரண்டாவது வாக்கியத்திலேயே தொண்டைக்குள் திரும்பிவிடுகிறது. எங்கள் வீட்டில் இரண்டாவது வாக்கியத்துக்கு யாரும் இடம் விடுவதும் இல்லை.

காலையில் அம்மாவின் காருக்கு அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கி நின்றது. ரேடியேட்டர் ஓரம் பிளந்துவிட்டது. 1977 கார்வெட், சிவப்பு, இரண்டே இருக்கை. அம்மா பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். "முதுகுக்குப் பின்னால நாப்பது பிள்ளைங்க கத்தாத வண்டி ஒண்ணு எனக்கு வேணும்" என்று சொல்லி ஏழு வருடத்துக்கு முன், குளிர் தொடங்கும் சமயம் வாங்கினாள்.

வண்டிக்கு ஒரு வியாதி. எங்கள் ஊரான சிடார் ராப்பிட்ஸுக்குள் தங்கமாக ஓடும். நெடுஞ்சாலையில் ஏறினால் எட்டாவது மைலில் கொதிக்கும். ஆகவே அந்த ஸ்போர்ட்ஸ் கார் இதுவரை எங்கும் போனதில்லை. மணிக்கு நூற்றிருபது மைல் போகக்கூடியது, முட்டை வாங்கப் போய்வருகிறது.

"கடைசியா ஒரு ரேடியேட்டர் போட்டுப் பாக்கறேன். அதுக்கும் கொதிச்சா ஆர்லன் கிட்டயே குடுத்துடுவேன்," என்றாள் அம்மா. ஆர்லன் அடுத்த தெருக்காரர், கார் சங்கத் தலைவர். நாலு வருடமாக அந்த வண்டியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது அம்மா கதவைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

என்னைப் பற்றி: குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். மெக்கானிக்கல். ஜூலை 29 அன்று துல்சாவில் வேலையில் சேர வேண்டும். வீடு உயரத்துக்கு ரேடியேட்டர்கள் வடிவமைக்கும் வேலை. இதை வீட்டில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 13, வியாழன்

ஹாம்பர்கர் கடை வாசலில் சங்கக் கூட்டம். எல்லாக் கார்களும் வாயைப் பிளந்துகொண்டு, பல் டாக்டரிடம் வந்தவை போல நின்றன. சங்கத்தில் இரண்டு மதம்: பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டர், புது அலுமினிய ரேடியேட்டர். ஆர்லன் அலுமினியம். அம்மாவின் அண்ணன் டுவெய்ன் மாமா செம்பு.

"மூணு வரிசைக் குழாய் இருக்கறதா வாங்கு ரோண்டா. மூணு வரிசைன்னா மூணு மடங்கு குளிர்ச்சி. கணக்கு அவ்ளோதான்," என்று அம்மாவிடம் சொன்னார் ஆர்லன்.

"போய்யா. பொறக்கும்போது செம்பு. சாகும்போதும் செம்புதான்," என்றார் மாமா.

"செம்பை வெச்சுத்தானே இத்தனை வருஷமா ஓட்ஸ் கஞ்சி காய்ச்சினாங்க?" என்றார் ஆர்லன்.

"ஓய், நீர்தானே கார் ஷோவுல மார்க் போடறவரு? அசல் பாகம் இல்லைன்னு அலுமினியத்துக்கு மார்க்கைக் குறைப்பீரு, அதையே வாங்கவும் சொல்லுவீரா?"

"கறுப்புப் பெயின்ட் அடிச்சுட்டா எனக்குக் கண்ணு தெரியாதுப்பா."

நான் வாயைத் திறந்தேன். "மூணாவது வரிசைக்கு வர்ற காத்து முதல் ரெண்டு வரிசையிலயே சூடாகி..."

"புரொபசரம்மா பேசறாங்க! எல்லாரும் நோட்டை எடுங்கடா!" என்றார் மாமா.

சிரித்தார்கள். அதில் விஷம் ஒன்றும் இல்லை. மாமா எனக்கு ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு பொரியல்கூட வாங்கித் தந்தார். வாய் நிறைந்துவிட்டது. அத்தோடு என் உரை முடிந்தது.

ஜூன் 14, வெள்ளி

அம்மா இன்று தபால்காரரிடம் கூட எந்த ரேடியேட்டர் நல்லது என்று கேட்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு தாளில் எல்லாம் எழுதினேன். எந்த ரேடியேட்டர் வாங்கினாலும் வித்தியாசம் பெரிதாக இராது. ஊருக்குள் சரியாக இருந்து வேகத்தில் கொதிக்கிறது என்றால் காற்று உள்ளே வரவில்லை என்று பொருள். காற்று ஏன் வரவில்லை என்று பார்ப்பதே முதல் வேலை. இரண்டு படம், ஒரு அட்டவணை. ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினேன்.

இன்று மாலை அது இல்லை. படித்திருக்கிறாள்!

அம்மா கடையிலிருந்து வந்தாள். தாள் அவள் கையில்தான் இருந்தது. பின்பக்கத்தில்: பால், முட்டை, நாய் பிஸ்கட், பல்பு. நான்குமே டிக் அடிக்கப்பட்டிருந்தன.

காற்று ஏன் வரவில்லை என்பதை அந்தத் தாளில் நானும்தான் எழுதவில்லை. அது எனக்குத் தெரியும்.

ஜூன் 22, சனி

எழுதியே ஆக வேண்டும்.

எனக்குப் பதினாறு வயது. வாங்கிய முதல் குளிர்காலம் முழுக்க கராஜில் தூங்கிய வண்டி. ஏப்ரலில் ஒருநாள் அம்மா காலை ட்ரிப் போயிருந்தபோது சாவியை எடுத்தேன். அந்த இருக்கையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு இறங்கிவிடத்தான் நினைத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, சாவியைத் திருகினேன். கிளட்ச் என்றால் என்னவென்று தெரியாது. வண்டி ஒரே துள்ளலாகத் துள்ளி, எதிர்ச்சுவரின் சிமென்ட் படியில் முட்டி நின்றது. மூக்குக்கு அடியில் தொங்கிய கறுப்பு ரப்பர் பட்டை பிய்ந்து விழுந்தது. வண்டியைப் பழைய இடத்துக்கே முட்டித் தள்ளிவிட்டு, பட்டையை ஷெட்டுக்குப் பின்னால் வீசினேன்.

வீட்டில் எதையும் வீணாக்காதவள் அம்மா. ஒரு மாதம் கழித்து அந்தப் பட்டை தக்காளிப் பாத்திக்குக் கரையாக முளைத்திருந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆறு வருடமாக அங்கேயே இருக்கிறது. தக்காளி நன்றாகக் காய்க்கிறது.

அது அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டாம் வருடம் காற்றோட்டப் பாடத்தில் பேராசிரியர் இதே வகைக் காரின் மூக்கைப் பலகையில் வரைந்தார். இந்தக் கார்கள் காற்றைக் கீழிருந்துதான் குடிக்கும். அந்தப் பட்டைதான் கீழே ஓடும் காற்றை மறித்து ரேடியேட்டர் பக்கம் ஏற்றிவிடும். மெதுவாகப் போனால் ஃபேன் சமாளித்துக்கொள்ளும். வேகமாகப் போனால் பட்டை இல்லாமல் முடியாது. உயர்கல்வியில் எனக்குக் கிடைத்த முதல் பயன் இதுதான்: நான் செய்த தப்பு சமன்பாட்டோடு விளங்கியது.

ஒவ்வொரு ஷோவிலும் ஆர்லன் தப்பான கிளிப்புக்கு ஒரு மார்க் குறைக்கிறார். மூக்குக்குக் கீழே குனிந்து பார்க்க அவர் வயிறு விடுவதில்லை. வீட்டுக்கு வந்தால் அதே பட்டையைத் தாண்டிப் போய்த்தான் தக்காளி பறித்துக்கொண்டு போகிறார்.

இதை அம்மாவிடம் சொல்ல எத்தனை வாக்கியம் ஆகும்? குறைந்தது மூன்று.

ஜூன் 29, சனி

மூன்று வரிசை அலுமினியம் வந்துவிட்டது. கறுப்புப் பெயின்ட் அடித்து, மாமா முணுமுணுத்துக்கொண்டே பொருத்தினார். டார்ச் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. நான்கு வருடப் படிப்பு. டார்ச்சை ஆடாமல் பிடித்தேன்.

ஜூலை 4, வியாழன்

பக்கத்து ஊரில் சுதந்திர தின ஊர்வலம். வயல் வழிச் சின்னச் சாலைகளில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். ஊர்வலத்தில் எங்களுக்கு முன்னால் டிராக்டர்கள், பின்னால் குதிரைகள். நடை வேகத்தில் ஒரு மணி நேரம், நல்ல வெயில். சூடு காட்டும் ஊசி அசையவில்லை. ஆர்லன் நடைபாதையில் நின்று மூன்று விரலைக் காட்டினார். மூன்று வரிசையாம். அம்மா பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசினாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

"இன்னைக்கு நெடுஞ்சாலையிலயே வீட்டுக்குப் போறோம்டி," என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஜன்னலைத் திறந்தேன், அவ்வளவுதான்.

ஏழாவது மைலில் ஊசி ஏறியது. எட்டாவது மைலில் ஆவி. ஓரமாக நிறுத்தினோம். இரண்டு பக்கமும் சோளம். அம்மா இறங்கவில்லை, திட்டவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"சரி. ஆர்லன் கிட்ட சொல்லிடறேன்," என்றாள். பிறகு, "உனக்குப் புழுக்கமா இருக்கும், அந்த நிழல்ல போய் நில்லு."

என்னை நிழலில் நிற்கச் சொல்கிறாள். என்னை.

ஜூலை 5, வெள்ளி

ஆர்லன் வந்தார். துக்கம் விசாரிக்கிற முகம். கையில் அளவு நாடா. வண்டி அவர் கராஜில் நுழையுமா என்று அளந்துகொண்டார். போகும்போது நாலு தக்காளி.

ஜூலை 7, ஞாயிறு

பட்டையைப் பாத்தியிலிருந்து பிடுங்கினேன். குழாயில் கழுவி, சமையலறை மேஜைமேல் வைத்தேன். ஒரு மண்புழு இறங்கி நடந்தது.

"தக்காளி உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

சொன்னேன். முதல் வாக்கியம். இரண்டாவது. அம்மா குறுக்கே பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மொத்தம் ஏழெட்டு வாக்கியம் வந்திருக்கும். கடைசியில் அழுகையா மூச்சா என்று எனக்கே தெரியவில்லை.

"நீ வண்டி எடுத்தது எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள். "சீட்டை முன்னால இழுத்தவ திரும்பத் தள்ளி வெச்சியா? ஏறி உக்காந்தேன், முட்டி போய் ஸ்டியரிங்ல இடிச்சுது."

"ஏன் கேக்கலை?"

"நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். இவ்வளவு நிதானமா வருவேன்னு நினைக்கலை."

சிரிக்கலாமா என்று பார்த்தேன். கூடாது.

"எடுத்தது போகட்டும். பதினாறு வயசு, எடுக்கத்தான் தோணும். ஆனா இதாலதான் கொதிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நானா காலேஜுக்குப் போனேன்? நீ மூணு வருஷமா தெரிஞ்சே வெச்சுக்கிட்டு... வண்டியையே விடறதா இருந்தேனேடி!"

பட்டையிலிருந்து மேஜைமேல் சொட்டிய தண்ணீரைத் துடைத்தேன்.

"சொல்ல வந்தேன்மா. ஃப்ரிட்ஜ்ல கூட..."

"எந்த ஃப்ரிட்ஜ்ல?"

"பால், முட்டை, நாய் பிஸ்கட், பல்பு."

அம்மா கைப்பையைத் தேடி எடுத்தாள். தாள் இன்னும் அதற்குள் இருந்தது. முன்பக்கத்தைத் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். நான் பாத்திரம் துலக்கினேன். கழுவியதையே மறுபடியும் கழுவினேன்.

"பட்டையைப் பத்தி இதுல எங்கேயும் இல்லையே," என்றாள்.

"இல்லை."

"ம்."

பிறகு டார்ச்சை எடுத்தாள். நான் கை நீட்டினேன். தரவில்லை. "நான் பிடிக்கறேன். நீ வண்டி மூக்குக்குக் கீழ குனிஞ்சு பாரு. பட்டை மாட்டற ஓட்டை எத்தனை கிழிஞ்சிருக்குன்னு சொல்லு."

ஜூலை 13, சனி

மாமா புது போல்ட்டுகள் கொண்டுவந்து பட்டையைப் பழைய இடத்தில் மாட்டினார். ரேடியேட்டரைச் சுற்றியிருந்த இடைவெளிகளையும் ஃபோம் வைத்து அடைக்கச் சொன்னேன். "ஏன்?" என்று கேட்டார். காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு தப்பிவிடும் என்றேன். "அப்படியா புரொபசரம்மா," என்றார். பட்டப்பெயர் மாறவில்லை. ஆனால் சொன்ன இடத்தில் அடைத்தார்.

நெடுஞ்சாலை. அம்மா ஓட்ட, பக்கத்தில் நான். எட்டாவது மைல். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். ஒன்பது. பத்து. அம்மா ஹாரனை அழுத்தினாள். முன்னால் போனவர் பயந்து வழி விட்டார். அயோவா சிட்டி வரை போய்த் திரும்பினோம். ஊசி 195 ஃபாரன்ஹீட்டை விட்டு நகரவில்லை.

வாசலில் ஆர்லன். "பாத்தியா ரோண்டா! மூணு வரிசைன்னா மூணு வரிசைதான்!"

"ரேடியேட்டர் இல்லைங்க. நீங்க தக்காளி பறிக்கத் தாண்டுவீங்களே, அந்தக் கரை. அதை மாட்டச் சொன்னது என் பொண்ணு," என்றாள் அம்மா.

என் பொண்ணு. கழற்றியதும் என் பொண்ணுதான் என்று சொல்லவில்லை.

ஆர்லன் முதல் முறையாக முட்டி போட்டுக் கீழே பார்த்தார். எழுந்திருக்க மாமா கை கொடுக்க வேண்டியிருந்தது. "பட்டை அசல்தான். ஆனா போல்ட் தப்பு. ரெண்டு மார்க் குறையும்," என்றார்.

ஜூலை 20, சனி

"துல்சா எவ்வளவு தூரம்?" என்று அம்மா கேட்டாள். ஐநூற்றைம்பது மைல் இருக்கும் என்றேன். மாமா பிக்கப்பில் என்னைக் கொண்டுபோய் விடுவதாக ஏற்கெனவே ஏற்பாடு.

"பெட்டிங்களை அவன் கொண்டு வரட்டும். நீ என் கூட வா. வழியில கொதிச்சா விளக்கம் சொல்ல ஆள் வேணும்ல?"

ஜூலை 27, சனி

ஜாப்லின் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கு. வெளியே மர மேஜை. ஊசி காலையிலிருந்து 195. வழியில் பெட்ரோல் போட நின்ற இடங்களில் மூன்று பேர் வந்து வண்டியைப் பார்த்துவிட்டு, எந்த ரேடியேட்டர் என்று கேட்டார்கள். மூன்று தடவையும் அம்மா என் பக்கம் கையைக் காட்டினாள். மூன்றாவது ஆளிடம் நான் ஆறு வாக்கியம் பேசியிருப்பேன்.

அம்மா காபி வாங்க உள்ளே போயிருக்கிறாள். காலையிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சாவியை மேஜைமேல், என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறந்து வைத்தாளா?

இதோ, இரண்டு கோப்பையோடு வருகிறாள். நோட்டை அவள் பக்கம் திருப்பி வைக்கப்போகிறேன்.

அம்மா, கல்லூரி ஆய்வகத்துப் பழைய பிக்கப்பில் நான் கிளட்ச் பழகிவிட்டேன். இரண்டு வருடம் ஆகிறது. இதையும் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். சீட்டை முன்னால் இழுத்தால் இந்தத் தடவை பழைய இடத்துக்கே தள்ளி வைப்பேன். பின்பக்கத்தில் பட்டியல் எழுதுவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தைப் படி: துல்சா வரைக்கும் நான் ஓட்டட்டுமா?