ரஃபேலுக்குக் கீழே ஒரு வரி

மோலோ, இலோய்லோ
3 பிப்ரவரி 1994

திரு. உரியேல் கல்வெஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது. பிழை ஒன்றுகூட இல்லை. இப்படிப்பட்ட கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருப்பது மரியாதை ஆகாது.

என் கணவர் அன்செல்மோவின் அடக்கத்தன்று கோயிலின் கடைசி வரிசையில் நின்றவர் நீங்கள்தான் என்பது எனக்குத் தெரியும். கையில் ஒரு கூடை மாம்பழம் வைத்திருந்தீர்கள். மரத்தில் பிஞ்சுக்குக் கட்டிய செய்தித்தாள் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. என் சமையல்காரி பாசிங் கூடையை வாங்கிக்கொண்டு உங்கள் பெயரைக் கேட்டாள். அப்புறம் அடுக்களைக்கு வந்து, இழவு வீடு என்றும் பார்க்காமல், "மிகேல், கப்ரியேல், ரஃபேல், இப்ப உரியேல். செட்டு சேந்துபோச்சு, சென்யோரா" என்றாள்.

"வாயை மூடிட்டு சூப்பைக் கிண்டு" என்றேன்.

ஒரு மனிதர் சனிக்கிழமை தவறாமல் படகேறி கிமாராஸ் தீவுக்குப் போய் மாந்தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். மாமரங்களுக்கு அவ்வளவு கவனிப்புத் தேவையில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

இப்போது நீங்கள் கேட்பதற்கு வருகிறேன். மே மாதம், ஆண்டு நிறைவன்று அவருக்கு வைக்கப்போகும் கல்லறைக் கல்லில், என் மூன்று மகன்களின் பெயருக்குக் கீழே உங்கள் பெயரும் இருக்க வேண்டும் என்கிறீர்கள். தோட்டம் வேண்டாம், அல்தமிரா என்ற குடும்பப் பெயரும் வேண்டாம், அந்த ஒரு வரி போதும் என்கிறீர்கள். "அண்ணன்களின் பெயரோடு சேர்ந்து போகட்டும் என்றுதான் அப்பா எனக்கு இந்தப் பெயரை வைத்தார்" என்பது உங்கள் வாதம்.

சேர்ந்து போகவில்லை. கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். கன்னியர் மடத்துப் பள்ளியில் சிஸ்டர் பெனெதிக்தா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது: தேவதூதர்களுக்குத் தலைவர்களாகத் திருச்சபை பெயர் சொல்லி வணங்கும் அதிதூதர்கள் மூன்று பேர். அந்த மூன்று பெயர்களைத்தான் என் பிள்ளைகளுக்கு வைத்தேன். நம் வேதாகமத்தில் உரியேல் என்று ஒரு தூதர் கிடையாது. பழைய கோயில்கள் சிலவற்றில் ஏழு பேரைச் செதுக்கி நிறுத்தியிருப்பார்கள். செதுக்குகிறவர்கள் எதையும் செதுக்குவார்கள்.

உடன்பிறந்தவர்களின் பெயர்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதில் எனக்கு உங்கள் தகப்பனாரைவிடப் பிடிவாதம் அதிகம். பக்கத்து வீட்டுப் பெண் மூத்தவனுக்கு நெல்சன் என்றும் அடுத்தவளுக்குப் பிங்கி என்றும் வைத்தாள். அந்த இரண்டு குழந்தைகளும் ஒரே மேஜையில் சாப்பிடும்போது யாரோ ஒருவர் விருந்தாளியாக வந்திருப்பதுபோலவே தோன்றும். ஆனால் பொருத்தம் என்பது காதுக்கு மட்டும் ஆனது அல்ல.

கல்லில் நான்காவது வரிக்கு இடம் இருக்கிறது, மறைக்கவில்லை. அதற்கு ஆளும் இருக்கிறது.

உங்கள் கூடையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்கள் தாயாருக்கு உடல்நலம் வேண்டுகிறேன்.

ரெமெதியோஸ் அல்தமிரா


புவெனவிஸ்தா, கிமாராஸ்
15 பிப்ரவரி 1994

மதிப்பிற்குரிய சென்யோரா அவர்களுக்கு,

கூடை வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு பொட்டலம் சர்க்கரை ரொட்டியும் இருந்தது. நீங்கள் வைத்திருக்க மாட்டீர்கள், சமையல்காரம்மா வேலையாகத்தான் இருக்கும் என்கிறாள் என் மனைவி மெர்லிந்தா. யார் வைத்திருந்தாலும் நன்றி. என் தாயார் ஆறு வருடங்களுக்கு முன்பு காலமாகிவிட்டார். உங்கள் வேண்டுதலை அவர் ஆன்மாவுக்கு என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் பெயரில் வேதாகமத்தில் தூதர் யாரும் இல்லை என்பது உங்கள் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது. எனக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது சாமியார் முகத்தைச் சுளித்ததாக அம்மா சொல்வாள். அதற்குக் காரணம் வேறு என்று அவள் நினைத்திருந்தாள்.

சிறுவனாக இருந்தபோது ஒருநாள் படகுத்துறையில் அப்பாவிடம் கேட்டேன். "கிளாஸ்ல எல்லாரும் ஜூன், ரிக்கி, போயிங்னு இருக்காங்க. எனக்கு மட்டும் ஏம்ப்பா இப்படி ஒரு பேரு?"

"உனக்கு மூணு அண்ணன் இருக்காங்கடா. எங்கயாவது பாத்தா உன் பேரைச் சொல்லு. மத்ததெல்லாம் அவங்களே புரிஞ்சுக்குவாங்க" என்றார்.

அந்த மூவரில் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. அடக்கத்தன்று அவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவ்வளவு தூரம் நடக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் பெயர் சொன்னது உங்கள் சமையல்காரம்மாவிடம்தான். அவர் புரிந்துகொண்டிருக்கிறார்.

பள்ளியிலும் சம்பளச் சீட்டிலும் அம்மாவின் குடும்பப் பெயர்தான் எனக்கு. அப்பா வழியில் வந்தது உரியேல் மட்டும். மெர்லிந்தாவுக்கு ஜூனில் பிரசவம். குழந்தை ஒருநாள் தன் தாத்தா யார் என்று கேட்கும். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவதற்கு ஏதாவது ஓர் இடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். வேறு எண்ணம் இல்லை.

நான்காவது வரிக்கு ஆள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். யார் என்று கேட்கலாமா?

பணிவுடன்,
உரியேல்


மோலோ
1 மார்ச் 1994

திரு. உரியேல் அவர்களுக்கு,

கேட்கலாம். நேராகக் கேட்டால் நேராகச் சொல்வது என் வழக்கம். உங்கள் தாயார் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அனுதாபங்கள்.

1959இல், ரஃபேலுக்குப் பிறகு, எனக்கு இன்னொரு மகன் பிறந்தான். அவன் வயிற்றில் இருந்தபோதே அன்செல்மோ, "இவன் உரியேல்" என்றார்.

"அப்படி ஒரு சம்மனசே இல்ல, அன்செல்மோ."

"ஏன் இல்ல? எங்க அம்மா ஊர்க் கோயில்ல கையில நெருப்போட நிக்கிறாரு, நான் பாத்திருக்கேன்."

"லிஸ்ட்டு மூணோட முடிஞ்சுது. பொண்ணா பொறக்கணும்னு வேண்டிக்கோங்க."

வேடிக்கையாகத்தான் பேசிக்கொண்டோம். பெயர் முடிவாகாமலே அவன் மாதம் நிறையும் முன்பே பிறந்துவிட்டான். உடம்பு நீலமாகிக்கொண்டிருந்தது. சாமியாருக்கு ஆள் அனுப்ப நேரம் இல்லாததால் மருத்துவச்சியே திருமுழுக்குக் கொடுக்கக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து நின்றாள். "பேரு என்ன, சென்யோரா? சீக்கிரம் சொல்லுங்க." அன்செல்மோ வாசலில் நின்று என்னையே பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. இல்லாத ஒரு தூதரின் பெயரில் ஒரு குழந்தையைக் கடவுளிடம் அனுப்ப என்னால் முடியாது. இன்று கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்வேன். அவசரத்தில் எல்லா ஆண் குழந்தைகளுக்கும் சொல்வதுபோல 'ஹோசே' என்று சொல்லி அவள் தண்ணீரை ஊற்றினாள். மதியம்வரை இருந்தான்.

ஹோசே என்பது சூசையப்பரின் பெயர், குறை சொல்ல இடமில்லை. ஆனால் மற்ற மூன்றோடு நிற்காது. அன்செல்மோ அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. குழந்தைக்குக் கல் வைப்போம் என்று கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினார்.

தன் கல்லுக்கு மட்டும் உயிரோடு இருக்கும்போதே எஸ்தெபான் என்கிற கல்தச்சரிடம் சொல்லிவைத்திருந்தார். டிசம்பரில் நான் பளிங்கைப் பார்க்கப் போனேன். "புள்ளைங்க பேருக்கு நாலு வரி விடச் சொன்னாரு டான் அன்செல்மோ" என்றார் எஸ்தெபான். நான் அங்கே கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்து அந்த மனிதர் ஹோசேயை நினைத்திருக்கிறார் என்று எண்ணினேன். கிறிஸ்துமஸ் அன்று நான் அடுக்களையில் பாடினேன் என்று பாசிங் சொல்கிறாள். இருக்கலாம்.

ஜனவரி கடைசியில் உங்கள் கடிதம் வந்தது.

நீங்கள் பிறந்தது 1961 என்று எழுதியிருக்கிறீர்கள். நான் என் பிள்ளைக்கு மறுத்த பெயர் வீணாகவில்லை. கணக்கு வாத்தியாருக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

ரெமெதியோஸ் அல்தமிரா


புவெனவிஸ்தா
11 மார்ச் 1994

மதிப்பிற்குரிய சென்யோரா,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் மெர்லிந்தா வயிற்றில் கைவைத்துக்கொண்டு அதை மடித்து என்னிடம் நீட்டினாள். அப்புறம், "அந்த அம்மாகிட்ட போய் ஒரு வரிக்குச் சண்டை போடுறியா நீ? அதைக் கொடுத்துடு" என்றாள்.

ஹோசேயின் பெயரையே போடுங்கள். அவர் எனக்கு முன்னால் பிறந்தவர். எனக்கு அண்ணன் மூன்று பேர் இல்லை, நான்கு பேர் என்பதே உங்கள் கடிதத்தால்தான் தெரிந்தது. அப்பா விட்ட இடம் அவருக்காகத்தான் இருக்கும். நான் கேட்டதை மறந்துவிடுங்கள்.

மே மாத ஆண்டு நிறைவுத் திருப்பலிக்கு நானும் வரலாமா? கடைசி வரிசை போதும். கூடை கொண்டுவர மாட்டேன்.

பணிவுடன்,
உரியேல்


மோலோ
28 ஏப்ரல் 1994

உரியேல்,

இந்தக் கடிதத்துக்கு இவ்வளவு தாமதம் ஆனதற்குக் காரணம் உண்டு. உங்கள் மார்ச் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். வாருங்கள், கடைசி வரிசை வேண்டாம், வலது பக்கம் புனித செசிலியா நிற்கும் தூணுக்கு அருகே உட்காருங்கள், பிறகு வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், கூடையும் கொண்டு வரலாம், இந்த வருடம் கடைப் பழம் புளிக்கிறது என்று எழுதினேன். தபாலில் சேர்க்குமுன் எஸ்தெபானிடம் பெயர்களைச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன்.

மூன்று பெயர்களையும் அவர் முன்பே வெட்டி முடித்திருந்தார். "நாலாவது ஹோசே" என்றேன்.

உளியைக் கீழே வைத்துவிட்டார். "டான் வேற பேரு சொன்னாரே, சென்யோரா."

"என்ன பேரு?"

"நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"உரியேல்னு சொன்னாரு. ரெண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டாரு. 'சின்னவன் பேரு, தப்பா வெட்டிடாதே'ன்னாரு."

கீழே கிடந்த உளியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். "நான் சொல்றதை வெட்டுங்க" என்றேன். அவர் வெட்டினார். முடியும்வரை அங்கேயே இருந்தேன்.

உங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். நீங்கள் அந்த இடத்தை ஹோசேக்கு என்று நம்பி விட்டுக்கொடுத்தீர்கள். அந்த நம்பிக்கையோடே விட்டிருக்கலாம். பொய் சொல்லி ஒன்றை வாங்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் வாங்கியதைத் திருப்பித் தருவதாகவும் இல்லை. உங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. என் குழந்தைக்கு இந்த வரியைத் தவிர வேறெதுவும் இல்லை.

திருப்பலி மே 20, காலை ஆறரை மணிக்கு. தூணைப் பற்றி முதலில் எழுதியது அப்படியே இருக்கிறது.

ரெமெதியோஸ் அல்தமிரா


மோலோ
3 நவம்பர் 1994

உரியேலுக்கு,

என் ஏப்ரல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மே மாதம் அந்தத் தூணருகே ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது. நீங்கள் வராதது சரியா தவறா என்று நான் சொல்லப்போவதில்லை.

கல்லறைத் திருநாளுக்கு ரஃபேல் மட்டும் மணிலாவிலிருந்து வந்தான். மிகேல் கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசினான். கப்ரியேலின் கப்பல் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு ரஃபேல் கல்லை வாய்விட்டு வாசித்தான். மிகேல், கப்ரியேல், ரஃபேல் என்று பாட்டுப்போல வந்தது. நான்காவதில் நின்றுவிட்டான்.

"ஹோசே யாரு, மம்மா?"

சொன்னேன். சிறு வயதில் அவனிடம் சொல்லியிருந்தேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லைபோலும்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ உரியேல் எங்க?" என்றான். அன்செல்மோ ஆஸ்பத்திரியில் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பெயரும் ஊரும் சொல்லி, போய்ப் பாருங்கள் என்றிருக்கிறார். ஒருவனும் போகவில்லை.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்றேன்.

"உங்ககிட்ட யாரு மம்மா சொல்லுவாங்க?" என்றான். தாழ்ந்த குரலில்தான் சொன்னான். மாலை விமானத்துக்குப் போய்விட்டான்.

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எல்லாரும் எங்கள் கல்லை வாசித்துக்கொண்டு போனார்கள். மூன்று பெயர்வரை தலையாட்டுகிறார்கள். நான்காவதில் ஒரு கணம் தயங்குகிறார்கள். ஒவ்வொருவரும் தயங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பளிங்கில் வெட்டியதை மாற்ற முடியாது என்கிறார் எஸ்தெபான். நான் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை; கேட்டால் முடியுமா என்றுதான் கேட்டேன்.

ஜூனில் உங்களுக்குக் குழந்தை பிறந்திருக்க வேண்டும். தாயும் பிள்ளையும் நலம் என்று நம்புகிறேன். மடத்தில் நான் பின்னிய ஒரு வெள்ளைக் குல்லாய் என் பிள்ளைகள் நால்வருக்கும் போட்டது. இத்துடன் அனுப்புகிறேன். பெரிதாகிப்போயிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்ததற்கு ஆகும்.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? பாசிங் கேட்கிறாள்.

ரெமெதியோஸ்