பன்னிரண்டு அடி

மே 20, செவ்வாய்

இன்று ஒன்பது பேர். பிசியோதெரபி சென்டரில் நிர்மலாதேவி மேடம் பயிற்சியைச் சொல்வார். பிடிக்க, நிறுத்த, உட்கார வைக்க உதவியாள் நான். வீட்டுக்கு வந்தால் சோற்றைப் போட்டுத் தின்னக்கூட அலுப்பு.

அஞ்சலாட்சி அக்கா இன்றும் அதையேதான் கேட்டார். வைத்திக்குப்பத்து மீன்காரம்மா. பிப்ரவரியில் வாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. ஜூன் பதினாலோடு மீன்பிடித் தடை முடிகிறது. மீன் வருகிற முதல் நாள், ஆட்டோவிலிருந்து இறங்கி, பெரிய மார்க்கெட்டில் தன் இடம் வரைக்கும் இருபது அடி தானே நடந்து போக வேண்டுமாம்.

"தூக்கினு போய் உக்கார வெச்சா அன்னியோட என் மரியாத போச்சி. பக்கத்துக் கட சின்னக்கண்ணு என் கூடைய நவுத்திப் போட்ருவா."

"நடந்துடுவீங்கக்கா" என்றேன். யாருக்குத்தான் அதைச் சொல்லவில்லை?

மே 24, சனி

பன்னிரண்டு அடி! அக்காவின் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். நடை பழகும் கம்பிகளுக்கு நடுவே கடகடவென்று வந்துவிட்டார். ஃபைலில் எழுதியாயிற்று.

மே 30, வெள்ளி

இடுப்பு வலி. எழுத முடியவில்லை.

ஜூன் 2, திங்கள்

காலையில் பாயைவிட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. ஒரு வாரம் படுத்திருக்கச் சொல்லிவிட்டார் மேடம். முட்டியை மடக்கித் தூக்கு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் நான் — வெட்கக்கேடு.

அக்கா போனில் அழுதார். "நீ இல்லாம எனுக்குக் காலே வராதும்மா." உண்மையைச் சொன்னால், கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 7, சனி — பக்ரீத்

படுத்தபடியே பெருநாள். வீட்டுக்காரர் கறி பங்கு கொடுக்கப் போயிருந்தபோது பிரேம்குமார் போன் செய்தான். என் வேலையைப் பார்க்க வந்திருக்கும் புது ஆள்.

"ஹாஜிராக்கா, ஃபைல்ல பன்னெண்டு அடின்னு போட்டிருக்கீங்க. பெல்ட்ட வுட்டா ஒரு அடிகூட வரலியே?"

இவன் யாரு என்னக் கேக்க? பதினோரு வருஷமா இதே வேலதான் பாக்கறேன். ஆளப் புடிக்கத் தெரியல, பேச வந்துட்டான். பட்டென்று வைத்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

வேலைக்குப் போனேன். யாரையும் தூக்காதே, உட்கார்ந்து பார் என்றார் மேடம்.

பிரேம்குமார் ஓரடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அக்கா அவனை வண்டை வண்டையாகத் திட்டினார். கால் நகரவில்லை. என்னைப் பார்த்தார். நாற்காலியில் இருந்தபடியே என் கை பெல்ட்டைப் பிடிக்கிற மாதிரி மேலே போனது.

மேலே! அப்படியென்றால் நான் பிடிக்கவில்லை, தூக்கியிருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு அடியும் அவர் நடந்ததில்லை, நான் சுமந்தது. இந்த இடுப்பு வேறெதனால் போகும்? தடை முடிய நாலே நாள். யா அல்லாஹ், என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஜூன் 11, புதன்

சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் நடக்கவே இல்லியா?" என்று கேட்டார். பிறகு திட்டு. வாங்கிக்கொண்டேன். என் முகத்தைப் பார்க்காமல் பிரேம்குமாரிடம், "பெல்ட்ட கழட்டுடா" என்றார்.

ஒரு அடி வந்தது.

ஜூன் 13, வெள்ளி

நாலு அடி. நாலுதான்.

ஜூன் 16, திங்கள்

வேலைக்கு முன்னால் பெரிய மார்க்கெட் போனேன். அக்கா கூப்பிடவில்லை, நானாகத்தான்.

ஆட்டோவிலிருந்து கைத்தடியோடு இறங்கினார். ஏழாவது அடியில் கால் நின்றுவிட்டது. இன்னும் பதின்மூன்று. கூட்டம் இடித்துக்கொண்டு போகிறது. ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

"தொடாத!"

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார்: "ஏ சின்னக்கண்ணு! என் கூடையையும் ஸ்டூலையும் இங்க எட்தா. இனிமே இதான் என் எடம்."

சின்னக்கண்ணு முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து போட்டாள். அக்கா தூணை விடாமல், தானே, மெல்ல உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இன்னா நிக்கற? மீன் வாங்க வர்றவங்கள மறைக்கற பாரு. தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன்.