பிச்சிப் பந்தலில் தொங்கியது

தென்காசி
ஆனி மாதம், 1958

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

பக்கத்து வீட்டுத் தங்கசாமி உனக்கு எழுதியது பாதிதான் உண்மை. நான் பந்தலிலிருந்து விழவில்லை. பிச்சிக்கொடியைக் கழிக்க ஏறினேன், ஏணி சரிந்தது, மேல்சட்டத்தைப் பிடித்துத் தொங்கினேன். அவ்வளவுதான்.

பூப்பறிக்க வந்த இசக்கி, “ஆச்சி, என்ன வௌவால் மாதிரி தொங்குதிய?” என்று சிரித்தாள்.

“பல்லைக் காட்டாதட்டி, ஏணிய நிமித்து!” என்றேன். இப்போது என் தோளுக்கு அவள் தைலம் தேய்ப்பது வேறு விஷயம்.

சட்டம் முனகக்கூட இல்லை. ஒவ்வொரு வருஷமும் சாரலுக்கு முன்னால் பந்தல்கால்களின் அடியில் தார் பூசுகிறேன், சட்டத்துக்கு எண்ணெய் தடவுகிறேன், துருப்பிடித்த கம்பியை மாற்றுகிறேன். காய்ந்த கொடியைக் கழிக்காமல் விட்டால் அது மழையில் ஊறிக் கனத்து மரத்தையே இற்றுப்போகச் செய்துவிடும். தங்கசாமி இதில் ஒன்றும் செய்யவில்லை. முதல் சாரல் காற்றிலேயே அவன் பந்தல் கோழிக்கூட்டின் மேல் படுத்துவிட்டது. அதை உனக்கு எழுதியிருக்க மாட்டான்.

இனி நான் தனியாக இருக்கக் கூடாது, பம்பாய்க்குக் கூட்டிப்போக வருகிறேன் என்கிறாய். தாராளமாக வா, பேரப்பிள்ளைகளையும் கூட்டி வா. வந்து அதே சட்டத்தில் நீயும் தொங்கிப் பார். நீ என்னைவிடக் கனம். அது ஒடிந்தால் மறுநாளே உன்னோடு ரயில் ஏறுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா