மணிக்கட்டு கூடிவிட்டது

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்ட்ராஸ்பூர்கில் குளிர் எப்படி? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாளா?

பயப்படாமல் படியுங்கள். இங்கே ட்ரொண்ட்ஹைமில் முதல் பனி விழுந்தபோது வழுக்கி, வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டேன். இப்போது கூடிவிட்டது. இன்று ஒரு கடைவாய்ப் பல்லைச் சிரமமில்லாமல் பிடுங்கினேன். பல் டாக்டர் வேலையே போய்விடுமோ என்ற பயம் அதோடு போயிற்று.

கை ஒடிந்தபோது யாரிடமும் சொல்லாமல் அறையிலேயே கிடந்தேன். இங்குள்ள யூத ஜெப ஆலயத்தில், சனிக்கிழமைத் தொழுகையில் என்னைக் காணோமென்று மால்கா தேடி வந்தாள். பஸ் ஓட்டுகிறவள், என் வயதுதான்.

"கைதானே ஒடிஞ்சுது, வாயுமா? ஒரு போன் பண்ணக் கூடாதா? கெளம்புடி!"

கட்டுப் பிரிக்கும்வரை அவள் வீட்டில்தான் இருந்தேன். தலைகூட அவளே வாரிவிட்டாள். பதிலுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். தொழுகைக்கு வர்றாளே, நம்ம ஹன்னே, அவளுக்குக் கொழந்தை பொறந்திருக்கு. போய் சமைச்சுப் போடு."

போனேன். கோழி சூப்பில் உப்பு கரித்தது. "இது கடல்ல புடிச்ச கோழியா?" என்றார் ஹன்னேவின் கணவர். ஆனாலும் இரண்டு கிண்ணம் குடித்தார். இப்போதும் வாரந்தோறும் போகிறேன். கதவைத் திறந்ததுமே குழந்தையை என்னிடம் கொடுத்துவிடுகிறார்கள். கை தாங்குகிறது, அப்பா.

சூப்பில் போடும் மாவு உருண்டைக்கு அம்மாவிடம் அளவு கேட்டு எழுதுங்கள். பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் என் தலையில் கைவைத்து ஆசி சொல்வீர்களே, அதை போனில் பதிவு செய்து அனுப்புங்கள். மதியத்துக்குள் அனுப்பிவிடுங்கள், இங்கே உங்களுக்கு முன்பே இருட்டி ஓய்வுநாள் தொடங்கிவிடுகிறது; பிறகு போனைத் தொடக் கூடாதே.

அடுத்த நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

முத்தங்களுடன்,
மிரெய்ல்