அம்மாவின் ஆறு கிலோ

என் அக்கா பெற்ற சுண்டெலிக்கு,

உன்னைத் தோளில் சுமந்து சுமந்தே ஒரு பக்கம் சாய்ந்துபோனவனும், இந்த நகரத்தின் நூற்றுப் பன்னிரண்டு லிஃப்டுகளை ஒற்றைச் சுண்டுவிரலில் தூக்கி நிறுத்தியிருப்பவனுமாகிய உன் மாமா எழுதுவது. இங்கே நான் நலம். வெறும் நலம் என்றால் குறைத்துச் சொன்னதாகிவிடும், நலத்துக்கு மேல் ஆறு கிலோ கூடுதல். உன் அம்மா முக்கால் நலம், மீதிக் கால் எங்கே போனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே முழு நலம் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றாலும் இதைப் படித்து முடிக்கும்வரை நலமாக இரு.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீட்டுச் சுவர்கள் அப்பளம்போல மெல்லியவை, நான் குளியலறையில் தும்மினால் சமையலறையிலிருந்து உன் அம்மா விளக்கம் கேட்கிறாள். என் போனில் நான் என்ன தட்டினாலும் நான் படிப்பதற்கு முன் அவள் படித்துவிடுகிறாள். அதனால் நம் கட்டடத்து மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் அமர்ந்து எழுதுகிறேன். தலைக்கு மேல் சக்கரம் சுற்றுகிறது, எழுத்து கோணினால் மூன்றாம் மாடிக்காரர் ஏறுகிறார் என்று எடுத்துக்கொள். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதியில் விமான டிக்கெட் தேட ஆரம்பித்துவிடுவாய். மார்பில் வந்த அந்த நோய் திரும்பி வரவில்லை. போன வாரம் ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள், டாக்டரம்மா எல்லாவற்றையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பழையது எதுவும் இல்லை, இது வயிற்றின் கலாட்டா மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். இந்த வரியை மூன்று முறை படித்துவிட்டு மேலே வா.

வயிற்றின் கலாட்டா என்றால் என்ன என்று உனக்கு என் தொழிலின் வழியாகச் சொன்னால்தான் விளங்கும். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, தலையில் முடிகூடத் திரும்ப வந்து, நாம் எல்லோரும் கை தட்டிவிட்டு எழுந்துபோன பிறகு அவள் வயிறு மட்டும் தனியாக வேலைநிறுத்தம் தொடங்கியது. நான்கு நாள் இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்ட லிஃப்ட் மாதிரி, மேலேயும் இல்லை கீழேயும் இல்லை, எந்தப் பொத்தானுக்கும் மசியாது. ஐந்தாம் நாள் கம்பி அறுந்த மாதிரி நேரே தரைத்தளம், அதற்கு முன்னறிவிப்பு மணிகூடக் கிடையாது. நடுவில் ஊதிப் பெருக்கும், வாயில் எதை வைத்தாலும் இரும்புச் சாவியைச் சப்புகிற ருசி. நான் இருபத்தெட்டு வருடமாகக் கழற்றி மாட்டிய இயந்திரங்களில் இப்படி ஒரு முரட்டு இயந்திரத்தைக் கண்டதில்லை.

இனி நான் செய்த குற்றத்துக்கு வருகிறேன். நீ தினமும் உன் காலை நேரத்தில், எங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், வீடியோவில் வந்து, சாப்பிட்டியாம்மா, தட்டைக் காட்டு என்பாய் அல்லவா. ஒருநாள், நீ சரியா சாப்பிடலன்னு தெரிஞ்சா வேலையை விட்டுட்டு வந்து நிப்பேன் என்றும் சொன்னாய். உனக்கு அந்த வேலையில் ஆறு மாதம் பரிசோதனைக் காலம் என்பது அவளுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். மறுநாளிலிருந்து உன் அம்மா ஒரு தட்டு நிறையப் பரிமாறினாள். சோறு, காய், முட்டை, ஓரத்தில் பழம், பார்த்தால் ஒரு படைப்பிரிவே சாப்பிடலாம். நீ பார்த்தாய், மனம் குளிர்ந்தாய், அவள் ஒரு ஸ்பூனை வாய் வரை கொண்டுபோய், சரி வைடி ஆறிடும் என்று போனை வைத்தாள். வைத்ததும் அந்தத் தட்டு மேஜையின் மேல் வழுக்கிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து சேர்ந்தது. டேய், நீ சாப்பிடு, கொட்டினா பாவம் என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாய், நாங்கள் இருவரும் முழுச் சோற்றையும் என் வயிற்றில் மறைத்தோம். ஐம்பத்து மூன்று நாள். என் சாப்பாட்டையும் சாப்பிட்டு அவள் சாப்பாட்டையும் சாப்பிட்டேன். லிஃப்டில் நான் ஏறினால் அதிக எடை மணி அடிக்கிறதென்று நான்காம் மாடி ஆசிரியை படியேறிப் போகிறார், இதில் பாதிதான் மிகை. அவளை ஏன் தடுக்கவில்லை என்று கேட்பாய். நாளைக்குச் சாப்பிடுவாள், நாளைக்குச் சாப்பிடுவாள் என்று மென்றுகொண்டே இருந்தேன்.

குட்டு உடைந்தது எடை பார்க்கும் இயந்திரத்தில். போன மாதம் பரிசோதனைக்குப் போகும்போது வெயில் கொளுத்துகிறது, இவள் கனத்த கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டாள். குளிருதா அக்கா என்றேன், ஆஸ்பத்திரியில ஏசி போடுவாங்கடா என்றாள். உள்ளே நர்ஸம்மா எடை இயந்திரத்தில் ஏறச் சொன்னார், முள் ஏதோ திருப்தியான இடத்தில் நின்றது, அவரும் எழுதப் போனார், எழுதாமல் ஒரு நொடி இவள் முகத்தைப் பார்த்தார், கன்னம் இரண்டும் குழி. கோட்டைக் கழற்றுங்கம்மா என்றார். கழற்றி நாற்காலியில் போட்டதும் கணீர் என்று கோயில் மணிபோல ஒரு சத்தம். நர்ஸம்மா பைக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். எல்லாம் என்னுடையவை, ஒரு வாரமாக நான் காணவில்லை என்று வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஸ்பேனர்கள். பெரியதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு அந்த அம்மா சிரிக்காமல் கேட்டார், "இது உங்க உடம்புல எந்த எலும்பும்மா?" நான் சிரித்துவிட்டேன். உன் அம்மா சிரிக்கவில்லை. கோட்டு இல்லாமல், ஸ்பேனர் இல்லாமல், அவள் போன பரிசோதனையைவிட ஆறு கிலோ குறைவு. நான் ஆறு கிலோ அதிகம். கடவுள் கணக்கில் புலி.

அப்போதுதான் அவள் வாய் திறந்தாள், அதுவும் என்னிடம் இல்லை, நர்ஸம்மாவிடம். வண்டி சொல்லிக்கொடுக்க டிரைவிங் பள்ளிக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அவள் துடிப்பது உனக்குத் தெரியும், அந்தப் பக்கத்து சீட்டும் காலடியில் இருக்கும் அந்தத் தனி பிரேக்கும் இல்லாமல் அவள் பாதி மனுஷி. கதிர்வீச்சு முடிந்த மாதம் ஒரே ஒரு நாள் போனாள், உன்னிடம் அதைச் சொல்லவில்லை. வண்டி ஓட்டியது ஒரு பல் டாக்டர், மாணவர்களிலேயே மகா பயந்தாங்கொள்ளி. கண்ணாடியப் பாருங்க சார், உங்க மூஞ்சிய இல்ல, பின்னாடி வர்ற லாரிய என்று வழக்கம்போலத் திட்டிக்கொண்டே போயிருக்கிறாள், பெரிய ரவுண்டானாவில் வயிறு பிடித்துக்கொண்டது. நேராப் போங்க, பெட்ரோல் பங்குல நிறுத்துங்க என்றிருக்கிறாள். அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தவறும் இல்லாமல் ஓட்டி ஓரங்கட்டினாராம். பெட்ரோல் பங்கு வரை வந்தாள். கழிப்பறைக் கதவு வரை வரவில்லை. அன்றிலிருந்துதான் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறாள். நர்ஸம்மாவிடம் அவள் சொன்னது இதுதான்: "வயிறு காலியா இருந்தா பயமில்லாம வண்டியில உக்காரலாம். அவ்வளவுதான் நான் நினைச்சது." நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையை ஆறு தடவை படித்தேன்.

நர்ஸம்மா திட்டவில்லை. பெட்ரோல் போடாத வண்டிய எந்த மாணவருக்குக் கொடுப்பீங்க என்று மட்டும் கேட்டார், உன் அம்மாவிடம் அவள் பாஷையிலேயே பேசத் தெரிந்த ஒரே ஆள். பட்டினி கிடந்தால் வயிறு இன்னும் தாறுமாறாகும் என்றும், இதெல்லாம் சொன்னால்தான் மருந்தை மாற்ற முடியும், வெட்கப்பட்டு மறைத்தால் எங்களுக்கு எப்படித் தெரியும் என்றும் சொல்லி டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். அவர் இரண்டு மாத்திரையை மாற்றினார், தினமும் போடும் முக்கியமான மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தக்கூடாது என்றார். இப்போது பெரிய தட்டு ஒழிந்தது. தேநீர்க் கோப்பை அளவு கிண்ணம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு ஆறு. தண்ணீரை மடமடவென்று இல்லாமல் வாய் வாயாக. சாப்பிட்டபின் மொட்டைமாடியில் பத்து நிமிட நடை. இரும்பு ருசிக்கு எஃகு ஸ்பூனை வீசிவிட்டு மர ஸ்பூன் வாங்கினேன், அது கொஞ்சம் கேட்கிறது. எதைச் சாப்பிட்டாள், அது என்ன செய்தது என்று ஒரு நோட்டில் எழுதுகிறாள், பால் என்ற சொல்லுக்கு எதிரே மட்டும் ஒரு மண்டை ஓடு வரைந்திருக்கிறாள். மூன்று நாளாக லிஃப்ட் நடுவில் நிற்கவில்லை. இன்று மதியம் குழைந்த சோறும் உருளைக்கிழங்கும் பத்து ஸ்பூன் உள்ளே போனது. அடுத்த மாதம் முதல் வாரம் மறுபடி எடை, கோட்டு இல்லாமல். இரண்டு கிலோ ஏறியிருந்தால் அரை நாள் வேலைக்குச் சான்றிதழ் தருவதாக டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஏறவில்லையென்றால் இல்லை. அவள் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள், காலண்டரில் அந்தத் தேதி மேல் ஒரு கார் வரைந்திருக்கிறாள், சக்கரம் மட்டும் சதுரம்.

உனக்கு என் வேண்டுகோள், மாமன் கட்டளை என்று எடுத்துக்கொண்டாலும் சரி. கிளம்பி வராதே, உன் பரிசோதனைக் காலத்தை முடி, அவள் தன்னுடையதை முடிப்பாள். பப்பாளி, சோற்றுக்கற்றாழை, வெறும் வயிற்றில் எண்ணெய் என்று நீ அனுப்பிய நாற்பத்து மூன்று வீடியோக்களையும் இனி யாராவது எதிரிக்கு அனுப்பு, நர்ஸம்மா ஒன்றையும் அனுமதிக்கவில்லை. தட்டைக் காட்டு என்று கேட்காதே. சாப்பிட்டியா என்றும் கேட்காதே, அந்தக் கேள்வி வந்ததும் அவள் முகம் ஓட்டுநர் தேர்வுக்கு வந்த முகமாகிவிடுகிறது, தேர்ச்சி பெறுவதற்காக எதையும் சொல்வாள். வேறு ஏதாவது கேள். பல் டாக்டர் லைசென்ஸ் வாங்கிட்டாரா என்று கேள், அரை மணி நேரம் பேசுவாள், பேச்சு சுவாரஸ்யத்தில் கிண்ணம் காலியாவதை நானே இரண்டு தடவை பார்த்தேன். அதற்காக அவரை நான் நேரில் சந்தித்து நன்றி சொல்லலாம் என்றால் என் பற்கள் சம்மதிக்கவில்லை.

இந்த இடம் வரை எழுதியபோது மோட்டார் அறைக் கதவு திறந்தது. சாப்பாட்டுக்குப் பின் நடக்க வந்தவள், துரை யாருக்குக் காதல் கடிதம் எழுதுறாரு என்று கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பேரரசுகளை எதிர்த்து நின்றிருப்பேன், என் அக்காவிடமிருந்து ஒரு காகிதத்தை மறைக்க எனக்குத் திராணி இல்லை. கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தாள். ஸ்பேனர் இடத்தில் பெருமூச்சுவிட்டாள். என் பேனாவை வாங்கிப் பெட்ரோல் பங்கு வரியின் மேல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சக்கரத்தைப் பார்த்தேன், யாரோ கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்த வரியை அடிக்கவில்லை. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடக்கப் போய்விட்டாள்.

நேரத்துக்குத் தூங்கு, கோபத்தில் மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பாதே, சாப்பாட்டை நின்றுகொண்டு சாப்பிடாதே. எல்லா லிஃப்டும் உனக்கு மட்டும் காத்துநிற்க, எல்லா சிக்னலும் உனக்கு மட்டும் பச்சையாக, நூறாண்டு இருப்பாய்.

இப்படிக்கு,
உன் மாமா
(எடை எண்பத்தொன்பது. இதில் ஆறு கிலோ உன் அம்மாவுடையது, தவணை முறையில் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.)

பின்குறிப்பு: உறையில் போடும்முன் ஒரு தடவை புரட்டியபோதுதான் கவனித்தேன். இன்று மதியம் பத்து ஸ்பூன் என்று நான் எழுதியிருந்தேன் அல்லவா, அதை அடித்துவிட்டு மேலே ‘ஏழு’ என்று எழுதியிருக்கிறது. அது என் கையெழுத்து இல்லை.