சொல்லி வைக்காத இடம்

காவியில் முக்கியெடுத்த புதுத்துணிக்கு ஒரு வாசனை உண்டு. கல்லும் ஈரமும் கலந்த வாசனை. நேற்று மாலை அந்த வாசனையோடு நாலு பேர் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்கள். மார்கழி இன்னும் முடியவில்லை, அதற்குள் மாசித் திருவிழாவுக்குத் துணியை முக்கி எடுத்தாயிற்று. பூதப்பாண்டியிலிருந்து திருச்செந்தூருக்கு நடக்கிறவர்கள் முன்பெல்லாம் உன்னிடம்தான் வழி கேட்பார்கள். நீ ஆடியில் விஷக்காய்ச்சலில் போய்விட்டாய். இப்போது என்னிடம் வருகிறார்கள்.

"சாரே, வழியில தங்க இடம் முன்னமே சொல்லி வைக்கணுமா, இல்ல போற எடத்துல பாத்துக்கிடலாமா?" என்று ஒருவன் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவன் பதில் சொல்லிவிட்டான். "என்னத்துக்குடே சொல்லி வைக்கணும்? பெரிய சார் சொல்லுவாருல்லா, முருகனைப் பாக்கப் போறவனுக்கு முருகனே கதவைத் திறப்பான்னு. அந்த மழையில அவரு கேக்காமலே மடம் தொறந்துச்சே!"

பெரிய சார் என்றது உன்னைத்தான். உன் கதையை, உன் இழுப்போடு, நீ கையை விரிக்கிற மாதிரியே விரித்து அவன் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆறு மாதமாக உன்னை நினைத்து அழுதுகொண்டிருந்தவன் நான். நேற்றுத்தான் அழுகை நின்றது. செத்துப்போனவனுக்கு எழுதுவது கிறுக்குத்தனம் என்று தெரியும். ஆனால் உயிரோடு இருந்தபோது பேச்சில் உன்னை யார் ஜெயிக்க முடிந்தது? இப்போதாவது குறுக்கே பேசாமல் கேள்.

அந்த வருஷம் நாம் நடந்தது என் அம்மையின் நேர்ச்சைக்காக. உன் கதையில் அது வரவே வராது. என் தம்பி சிங்கப்பூரில் சண்டைக்குள் மாட்டிக்கொண்டு, இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் கிடந்தான். அவன் உயிரோடு வந்து சேர்ந்தால் வண்டி ஏறாமல் நடந்தே செந்தூருக்கு வருகிறேன் என்று அம்மை நேர்ந்துகொண்டாள். அவன் வந்தான். எலும்பும் தோலுமாக வந்தான் என்றாலும் வந்தான். அவனைத் தேற்றி எழுப்பிவிட்டு, அடுத்த மாசிக்கு அவள் கிளம்பினாள். "அம்மை போறாளா? அப்ப நானும் காவடி எடுக்கேன்" என்று நீயாகவே வந்து ஒட்டிக்கொண்டாய். அதில் எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானவர்கள். நீ நாலு பக்கமும் வயல் உள்ள வீட்டுப் பிள்ளை, நான் பனையேறியின் மகன். உன் வீட்டில் தெரிந்தால் ரகளையாகும் என்று தெரிந்தும் என் வீட்டுக்குள் வந்து அம்மை கையால் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றவன் நீ. இரண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்பாய். அதனால்தான் சொல்கிறேன், யாரோ ஒருவன் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே நான் சொன்னேன். என் மாமா கருப்பட்டி வண்டி ஓட்டிக்கொண்டு உடன்குடி வரைக்கும் போய்வருகிறவர். வழி நெடுக எங்கள் ஆட்களின் வீடுகள் அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு வீட்டில் பாயும் கஞ்சியும் தயாராக இருக்கும். நீ சிரித்தாய்.

"கல்யாண வீட்டுக்கா போறோம், முன்னால ஆளனுப்பிப் பந்தி போடச் சொல்ல? அவன் பழனியில கோவணத்தோட நிக்கான். அவனைப் பாக்கப் போறவனுக்குப் பாய் விரிச்சு வைக்கணுமாம்! இடம் சொல்லி வச்சுட்டு நடந்தா அது நேர்ச்சை இல்ல மக்கா, அது உல்லாசப் பயணம்."

"எல்லாக் கதவும் எங்களுக்குத் தொறக்காதுலே" என்றேன். நமக்குள் அந்தப் பேச்சு அதற்கு முன் வந்ததே இல்லை. சொல்லும்போதே என் நாக்கு கூசியது.

நீ கையை வீசினாய். "அதெல்லாம் அந்தக் காலம். கோயிலே தொறந்தாச்சு, மடமா தொறக்காது?"

அம்மை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அவன் சொல்லுகது சரிதான். சாமிக்குப் போறவளுக்கு இடம் என்னத்துக்கு?" என்றாள். உன் பேச்சு அவளுக்குச் சாமி வாக்கு. என் பேச்சு வெறும் மகன் பேச்சு. இரண்டு பேரும் ஒரு பக்கம் நின்றபின் நான் என்ன செய்ய முடியும்? மாமாவிடம் சொல்லவில்லை.

அப்போது ராஜ்ய எல்லையாக இருந்த ஆரல்வாய்மொழியில் சுங்கச் சௌக்கைக்காரன் அம்மையின் மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போகவிட்டான். கணவாய்க் காற்று உன் காவடியை ஒரு பக்கமாகச் சாய்த்தது. நீ பாடிக்கொண்டே நடந்தாய். அம்மை உன் பின்னாலேயே வந்தாள், முகம் அப்படி மலர்ந்திருந்தது. முதல் நாள் இரவு ஒரு சாவடியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. "பாத்தியா?" என்று என்னை இடித்தாய். மறுநாள் செம்மணல் தேரியில் ஒரு உடைமரத்து முள் அம்மையின் குதிகாலில் ஏறியது. பிடுங்கிப் போட்டோம். முனை உள்ளே ஒடிந்து நின்றது அப்போது தெரியவில்லை. அவள் ஒற்றைக்காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள். சாயங்காலம் ஆனதும் மாசியில் என்றுமில்லாத மழை பிடித்துக்கொண்டது.

அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன். மடத்தின் பெயரையும் எழுத மாட்டேன். உன் சாதிக்காரர்கள் கட்டிய மடம். நீ முன்னால் போய் காவடியோடு வாசலில் நின்றதும் மடத்துக் காரியஸ்தர் ஓடிவந்தார். ஊரைக் கேட்டார், உன் அப்பா பெயரைக் கேட்டார். அவ்வளவுதான், "உள்ள வாங்க, உள்ள வாங்க, நனையாதீங்க" என்றார். முருகன் திறந்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அந்தக் கதவைத் திறந்தது உன் அப்பா பெயர்.

நீ உள்ளே போய்க் காவடியை இறக்கினாய். நானும் அம்மையும் கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் நின்றோம். அவர் எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதற்கு விளக்கம் தேவையில்லை.

"கூட வந்தது யாரு?" என்று உன்னைக் கேட்டார்.

நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. "நம்ம வீட்டு ஆளுங்கதான். பண்ணையில வேலை பாக்குதவ, அவளும் மகனும்" என்றாய்.

"அப்படியா, அப்ப அந்தத் தொழுவத்துல ஒதுங்கிக்கிடச் சொல்லுங்க. கஞ்சி கொடுத்து விடுதேன்" என்றார் அவர். நல்ல மனிதர்தான். மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்தார், மாட்டுக்கும் கொடுத்த இடம். "பேரு என்ன?" என்று அம்மையைக் காட்டிக் கேட்டார். நீ விழித்தாய். எத்தனை வருஷம் அவள் கையால் தின்றிருக்கிறாய், அவள் பெயர் உனக்குத் தெரியவில்லை. கடைசியில் "கெழவின்னுதான் கூப்பிடுவோம்" என்று சொல்லிச் சமாளித்தாய்.

அம்மை மூட்டையை எடுத்துத் தலையில் வைத்தாள், மழைக்குள் இறங்கி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். நீ கதவு வரைக்கும் வந்து கத்தினாய். "லேய், நில்லுலே! காவடி இறக்கியாச்சு, இனி விளக்குக் காட்டாம எடுக்கப்பிடாது. நில்லு, பேசுவோம்!" உன் காவடிக்கு இருந்த மரியாதை எனக்கும் தெரியும். ஆனால் காவடியை விட்டுவிட்டு நீ மட்டும் இறங்கி வந்திருக்கலாமே? மழை உன்னைக் கரைத்துவிடுமா?

மாமாவுக்குத் தெரிந்த வீடு அடுத்த ஊரில் இருந்தது. தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தோம். பூட்டிக் கிடந்தது. வீட்டோடு எல்லாரும் ஒரு சடங்குக்குப் போயிருக்கிறார்களாம். ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால் ஒருத்தராவது இருந்திருப்பார்கள். பனங்காட்டுக்குள் பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை ஒன்று கிடைத்தது. அதில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். அம்மை அழவில்லை. "அவன் நமக்கு நல்லதுக்குத்தான் சொன்னான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவள் குரலில் நம்பிக்கை இல்லை.

காலையில் நீ ஒரு செம்பு சுக்குத்தண்ணியோடு வந்து எங்களைக் கண்டுபிடித்தாய். மடத்துச் செம்பு. நான் அதைத் தட்டிவிட்டேன்.

"எனக்க அம்மையையாலே வேலைக்காரின்னு சொன்ன?"

"வேற என்னலே சொல்லச் சொல்லுக? உள்ளதைச் சொன்னா மழையில நிக்கச் சொல்லியிருப்பான். உங்களுக்கு இடம் வாங்கித் தரத்தானே சொன்னேன்!"

அந்த வார்த்தையில் நீயே உன் கட்சியை விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று உனக்குப் புரியவில்லை. முருகன் திறப்பான் என்றவன், பொய் சொன்னால்தான் திறக்கும் என்று கண்ட பிறகும் முருகனையே சொல்லிக்கொண்டிருந்தாய்.

நீ காவடியை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தாய். அம்மையின் கால் மறுநாள் வீங்கியது. அதற்கு மறுநாள் காலைத் தரையில் வைக்க முடியவில்லை. காய்ச்சல் வந்து பிதற்றினாள். திசையன்விளையில் அவளைத் தூக்கி மாட்டுவண்டியில் போட்டோம். நீயும் ஒரு பக்கம் பிடித்தாய். செந்தூர் போய்ச் சேர்ந்ததும் அவள் கோயிலுக்குள் வர மறுத்துவிட்டாள். "நடந்து வாறேன்னு சொன்னேன். வண்டியில வந்தவ உள்ள வரப்பிடாது" என்று கடற்கரை மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவளை அங்கே விட்டுவிட்டு நீ உள்ளே போய்க் காவடியைச் செலுத்தினாய், கண்ணீர் வழிய. நான் அவளோடு வெளியே இருந்தேன். நேர்ச்சைக் கடன் தீரவில்லை. அந்தக் கால் அதன் பிறகு நேராகவே இல்லை.

அதற்குப் பிறகு நான் உன்னோடு பேசாமல் இருந்துவிடவில்லை. ஒரே பள்ளிக்கூடம், ஒரே சாயாக்கடை. நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கூட்டம் நடந்தபோது இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று கத்தினோம். நாமெல்லாம் ஒரே ஆட்கள் என்று நீ மேடையேறிச் சொன்னாய். மனசாரத்தான் சொன்னாய். கீழே இறங்கி வந்து சாயாக்கடையில் உட்கார்ந்து, மடம் திறந்த கதையைச் சொன்னாய். நான் எதிரே இருக்கும்போதே சொன்னாய்! வருஷத்துக்கு வருஷம் மழை பெருத்தது, காவடி கனத்தது, காரியஸ்தர் கனவு கண்டு எழுந்து வந்தார். நானும் அம்மையும் கதையிலிருந்து கழன்று விழுந்தோம். ஒரு தடவை கேட்டேன், "அதுல நாங்க எங்கலே?" என்று. "கதைக்கு அது வேண்டாம் மக்கா, கேக்கதுக்கு நல்லாவா இருக்கும்?" என்றாய். சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். மறுநாள் நீ வழக்கம்போல "வந்தியா?" என்றாய், நானும் வந்து உட்கார்ந்தேன். உன்னைவிட்டால் எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

இணைப்பு வந்துவிட்டது. நீதான் இல்லை. நீ போன அன்று அம்மை நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். உன் வீட்டு முற்றத்துக்கு வெளியே, தெருவில் நின்று அழுதாள். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கும் நான் உன்மேல்தான் கோபப்பட்டேன். செத்துக் கிடந்த நீ என்ன செய்வாய், நியாயமில்லாத கோபம்தான், இருந்தாலும் பட்டேன்.

நேற்று வந்த நாலு பேரிடமும் கதை முழுவதையும் சொன்னேன். தொழுவத்தையும் சேர்த்துச் சொன்னேன். உன் கதையைச் சொன்னவன் தலையைக் குனிந்துகொண்டான். "சொல்லி வையுங்கடே, எல்லா ஊருக்கும் சொல்லி வையுங்க" என்றேன். "உங்கள்ல ஒருத்தனுக்குத் தொறக்குத கதவு எல்லாருக்கும் தொறக்குமான்னு முன்னாலேயே கேட்டுட்டுப் போங்க. மழையில போய் நின்னுக்கிட்டுக் கேக்காதீங்க."

அவர்கள் போனபிறகு அம்மை காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "நானும் போகணும்" என்றாள்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டா?"

"இந்தக் காலை வச்சுக்கிட்டுதான். மெள்ள மெள்ளப் போவேன். ஒரு நாளைக்கு ஒரு ஊரு போதும். கடனை வச்சுக்கிட்டுச் சாக மாட்டேன்" என்றாள். பிறகு, "இந்தத் தடவை இடம் சொல்லி வச்சுட்டுப் போவோம்" என்றாள். அவள் வாயிலிருந்து அது வர இத்தனை வருஷம் ஆயிற்று.

இன்று காலையில் மாமாவைக் கூப்பிட்டுவிட்டேன். வயசாகிவிட்டது, வண்டியை இப்போது அவர் மகன் ஓட்டுகிறான். அம்மைக்குத் தோதாக, பக்கத்துப் பக்கத்து ஊராகப் பார்த்து, எந்த வீடு, யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் மாமா கேட்டார், "யாரு பேருக்கு இடம்னு சொல்ல? வாத்தியாருக்குன்னு சொல்லட்டா?"

"பொன்னுத்தங்கத்துக்குன்னு சொல்லுங்க" என்றேன்.

என் அம்மையின் பெயர் அதுதான். இப்போதாவது தெரிந்துகொள். மாசியில் ஆரல்வாய்மொழி தாண்டி ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பெயருக்கு ஒரு பாய் விரித்திருக்கும். நீ இருந்திருந்தால், இவ்வளவு கோபத்திலும், உன்னையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். உனக்கும் இடம் உண்டு. ஆனால் வாசலில் நின்று "கூட வந்தது யாரு?" என்று அவர்கள் கேட்பார்கள். நீ வாயைத் திறக்கக் கூடாது. பொன்னுத்தங்கத்துக்க ஆளு என்று நான் சொல்வேன்.